பதினேழாம் நம்பரின் நடைகள்

"நாலு மணிக்கு விசாரணைக் குழு உட்காரும்," என்றார் பெரிய டாக்டர். "நாலரைக்கு எழுந்துரும். அதுக்குள்ள இது வேற யாரோ செஞ்சதுன்னு நீங்க காட்டினா சிஸ்டருக்கு வேலை மிஞ்சும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்மா."

சுவர்க் கடிகாரம் ஒன்று நாற்பதைக் காட்டியது. அதன் விநாடி முள் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் நடுங்கிவிட்டுத்தான் நகர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஊசிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஊசி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் உடம்பு அப்படி, பிறகு கேள்விகள் அப்படி. துப்பறியும் நிலையம் தொடங்கியபோது பெயர்ப்பலகைக்கும் அதுவே போதும் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிகளில் மட்டும் கொஞ்சம் சங்கடம். இன்று காலை வரவேற்பில் "ஊசி வந்திருக்குன்னு சொல்லுங்க" என்றதும், வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

வழக்கு இதுதான். வயதான ஆண்களுக்குப் ப்ராஸ்டேட் வீங்கி, சிறுநீர் வந்தும் வராமலும் படுத்தும் தொந்தரவுக்கு ஒரு புது மாத்திரை. இந்த ஆஸ்பத்திரியில் நாற்பது பேரை வைத்து ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். மாதம் ஒருமுறை வந்து, தண்ணீர் குடித்து, ஒரு சின்ன அறையில் தனியாக நின்று புனலுக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். புனலுக்கு அடியில் இருக்கும் மிஷின் அதன் வேகத்தை அளந்து காகிதத்தில் கோடாகப் போடும். நல்ல ஆரோக்கியம் என்றால் மலை மாதிரி ஏறி இறங்கும். நோய் என்றால் தரையோடு தவழும்.

பதினொரு பேருடைய கோடு திடீரென்று மலையேறியது. ஆனால் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் அதே பதினொரு பேருடைய சிறுநீர்ப்பை பாதிகூடக் காலியாகவில்லை. இதைக் கண்டுபிடித்து மேலிடத்துக்கு எழுதியவளே அந்த அறைக்குப் பொறுப்பான சிஸ்டர்தான். மேலிடத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: அறைச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

நேற்று அவள் ஊசியின் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதாள். "வேலை போனா வேற பாத்துக்கலாம் மேடம். பொய்யா எழுதினவன்னு நர்ஸ் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கிறது?"

ஊசி டாக்டர் கொடுத்த ஆராய்ச்சிக் கோப்பை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் மாமா முகக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தார். நிற்கவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்து ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. இருபத்தெட்டு வருடம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற மறுநாளே "வீட்ல உக்காந்தா நான் துருப்பிடிச்சிருவேன்" என்று மருமகளிடம் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். டிக்கெட் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டுகள் இன்னமும் நாலைந்து அவருடைய இடது மணிக்கட்டில் கிடந்தன.

"உள்ள வந்திருக்கலாம்ல மாமா?"

"இருமல். டாக்டருக்கு ஒட்டிக்கிச்சுன்னா பாவம், அவரு எந்த டாக்டர்கிட்ட போவாரு?"

"காலையில இருமல் இல்லையே."

"இருமல் என்ன பஸ்ஸா, டயத்துக்கு வர்றதுக்கு?"

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, அடிக்கிற வாயை அமுக்கினார். "இன்ஷூரன்ஸ்காரன். மூணு நாளா விட மாட்டேங்கறான். இரு மருமகளே, ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

வந்ததிலிருந்து இது மூன்றாவது நடை. மாமா இடப்பக்கம் திரும்பி, பலகையோ அம்புக்குறியோ இல்லாத இரண்டு கதவுகளைத் தாண்டி, அதே மாதிரி பலகையில்லாத மூன்றாவதைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைக்குள் போனார். ஊசியின் கண் அதைப் பார்த்தது. மனசுதான் பார்க்கவில்லை. அது நாலு மணியில் இருந்தது.

ஜன்னல் திண்டில் பதினொரு கோடுகளையும் வரிசையாகப் பரப்பினாள். தூரத்திலிருந்து பார்த்தால் மலை. கிட்டப் பார்த்தால் மலை முழுக்கப் பல் பல்லாக இருந்தது. ரம்பத்தின் பல் மாதிரி, ஒரே உயரம், ஒரே இடைவெளி. மனுஷ உடம்பு எதையாவது இவ்வளவு ஒழுங்காகச் செய்யுமா? அவளுடைய உடம்பு தும்மலைக்கூட ஒழுங்காகப் போடாது.

மாமா திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

"யாருக்கு லாபம் மாமா? மாத்திரை ஜெயிச்சா யாருக்கு லாபம்?"

"மாத்திரைக் கம்பெனிக்கு. அப்புறம் பேப்பர்ல போட்டோ வர்ற பெரிய டாக்டருக்கு."

"அதேதான்!" அவள் திரும்பிய வேகத்தில் இரண்டு கோடுகள் பறந்து தரையில் விழுந்தன. அதே நேரம் டாக்டரின் அறைக் கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். மாமாவைக் காணோம். மூன்றாவது கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதுக்குள்ள இன்னொரு நடையா என்று ஊசி ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததை அப்படியே விட்டுவிட்டு டாக்டரை மடக்கினாள்.

"மாத்திரை ஜெயிக்கணும்னு ஆசைப்படறவங்கதானே கோட்டை மாத்தியிருக்கணும் டாக்டர்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. "நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனால இன்னைக்குக் காலையில சீல் வெச்ச பட்டியலை உடைக்கச் சொன்னேன். இந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேரு மாவு சாப்பிட்டவங்க தெரியுமா? ஆறு பேரு."

ஊசி ஒரு அடி பின்வாங்கினாள். மாத்திரையை ஜெயிக்க வைக்க நினைப்பவன் மாவையும் சேர்த்து ஜெயிக்க வைப்பானா? எதிர்க்கட்சிக்கும் சேர்த்து ஓட்டுப் போடுகிற கதையாக அல்லவா இருக்கிறது!

"அப்போ இதைச் செஞ்ச ஆளுக்கு ஆராய்ச்சியைப் பத்திக் கவலையே இல்ல," என்றாள்.

"இல்ல. ஆனா எனக்கு இருக்கு." டாக்டர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "பதினேழாம் நம்பர். கோட்டைப் பாத்தா இருபது வயசுப் பையன். ஸ்கேன்ல பாத்தா, போயிட்டு வந்த பிறகும் உள்ள நானூத்தி இருபது மில்லி தேங்கி நிக்குது. இப்படியே விட்டா கிட்னியில போய் முடியும். மூணு நாளா போன் பண்றோம், மனுஷன் எடுக்கவே மாட்டேங்கறாரு."

அவர் போய்விட்டார். ஊசிக்கு எங்கேயோ எதுவோ உறுத்தியது. செருப்புக்குள் மணல் போன மாதிரி. நின்று உதறிப் பார்க்க நேரமில்லை. இரண்டு ஐம்பது.

மாமா வராந்தா முனையில் ஒரு தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில், கழுத்து குறுகலான ஒரு லிட்டர் பாட்டில்.

"மாமா, நான் இங்க தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க தோட்டவேலை பாக்கறீங்களா?"

"வாடிக் கிடக்கு மருமகளே. ஆஸ்பத்திரியில இருந்தும் கவனிக்க ஆளில்ல பாரு."

அவர் பாட்டிலை மெதுவாகச் சாய்க்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். களுக்... களுக்... களுக்... களுக். தண்ணீர் ஒரு மூச்சு வெளியே வந்தது, காற்று ஒரு மூச்சு உள்ளே போனது, மறுபடி தண்ணீர். அவர் அவசரமே படாமல், அவளைப் பார்க்காமல், பாட்டில் காலியாகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஊசியின் கையில் இருந்த கோட்டின் பற்கள் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து தாளம் போட்டன.

"மாமா!" என்று கத்தினாள். "இன்னொரு பாட்டில்! ஓடுங்க!"

ஊசி டாக்டரிடம் போய்ச் சாவியை வாங்கி வந்தாள். இருவரும் மிஷின் அறைக்குள் நுழைந்தார்கள். நுழைந்தது அவள்தான். மாமா நிலைப்படியோடு நின்றுகொண்டார். "ஆம்பளைங்க அறைக்குள்ள பொம்பளை நீ போற, நான் வாசல்ல காவல் நிக்கறேன். உலகம் ரொம்பத்தான் முன்னேறிடுச்சு."

அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். ஸ்டாண்டில் புனல், ஒரு கழிப்பிடம், அதன் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, மூலையில் கை கழுவும் பேசின். அவள் பாட்டிலைப் புனலுக்குள் கவிழ்த்தாள். மிஷின் கிர்ரென்று காகிதத்தைத் துப்பியது. மலை. மலை முழுக்க ரம்பப் பல்.

"தண்ணி, மாமா! பதினோரு பேரும் வெறும் பச்சைத் தண்ணி!"

"சரி. ஊத்தினது யாரு? சிஸ்டரும் ஊத்தியிருக்கலாம்ல?" மாமாவின் குரல் ஏனோ தணிந்திருந்தது.

கேள்வி சரியான கேள்விதான். ஊசி அறையைச் சுற்றினாள். குடிக்கிற தண்ணீரையும் அளக்க வேண்டும் என்பதால் வாசலிலேயே பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். ஆக, வெளியிலிருந்து பாட்டில் வராது. தண்ணீர் பேசின் குழாயில் இருக்கிறது. பாட்டில் இங்கேயே இருக்க வேண்டும். சாவி வைத்திருக்கிறவள் எதையும் ஒளிக்க மாட்டாள், கையோடு கொண்டுவந்து கொண்டுபோவாள். சாவி இல்லாதவன்தான் ஒளித்துவைப்பான். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கையை விட்டாள்.

பாட்டில் வந்தது. காலி. அதன் இடுப்பில், முக்கால் பங்கு உயரத்தில், இவ்வளவுதான் ஊற்ற வேண்டும் என்று அடையாளமாக ஒரு ரப்பர் பேண்ட்.

செருப்பு மணல் இப்போது நெஞ்சுக்கு ஏறியது.

அவள் நிலைப்படியைப் பார்த்தாள். மாமாவைக் காணோம்.

ரப்பர் பேண்ட் யாரிடம்தான் இல்லை? மருந்துக்கடையில் இல்லையா, பால்காரரிடம் இல்லையா? அப்படிச் சொல்லிக்கொண்டே கோப்பைப் பிரித்து, நோயாளிகள் வீட்டில் எழுதிய டைரிகளைத் தேடினாள். எத்தனை மணிக்குப் போனேன், எவ்வளவு போனேன் என்று மூன்று நாள் எழுதித் தர வேண்டும். எல்லாரும் நேரத்தையும் அளவையும் வெறுமனே எழுதியிருந்தார்கள். ஒருவர் "மறந்துவிட்டேன்" என்று ஒன்பது தடவை எழுதியிருந்தார். பதினேழாம் நம்பரின் டைரி வந்தது.

நடை 1 — 5.40 — 90 மில்லி.
நடை 2 — 6.25 — 60 மில்லி. வழியில் நின்று நின்று வந்தது.
நடை 3 — 7.10 — ஓவர்லோடு. ஆனால் இறங்கியவர் குறைவு.

அப்படியே பதினான்கு வரைக்கும். "கடைசி நடை" என்று எழுதி, கீழே மொத்தம் போட்டு, சாய்வாக இரண்டு கோடு. கண்டக்டர் டிரிப் ஷீட்டை மூடுகிற இரண்டு கோடு. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் கோடுகளைத் தானே போடுவேன் என்று அடம்பிடித்தவள்.

இருமல். முகக்கவசம். பலகை இல்லாமலே அவருக்குத் தெரிந்த மூன்றாவது கதவு. இன்ஷூரன்ஸ்காரன். நேற்று சிஸ்டர் அலுவலகத்துக்குள் வந்த நிமிடமே ஒரு நடை போனவர், அவள் தெரு திரும்பிய பிறகுதான் வந்தார்.

நானூற்று இருபது மில்லி.

மூன்று இருபது. ஊசி மூன்றாவது கதவுக்கு வெளியே போய் நின்றாள். உள்ளே சத்தமே இல்லை. "முடிஞ்சுதா மாமா?" என்று கேட்க வாய் வந்தது. எதனாலோ கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். கதவு திறந்தது.

"பதினேழு," என்றாள்.

மாமா முகக்கவசத்தைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ரொம்ப நேரம் தூக்கிய மூட்டையை இறக்கிவைத்தவர் மாதிரி தோள் இறங்கியது.

"ஸ்பீடு குறைஞ்சு போச்சு உனக்கு. காலையிலயே கண்டுபிடிப்பன்னு நெனச்சேன்."

"விளையாடாதீங்க."

"விளையாடல." சுவரில் சாய்ந்துகொண்டார். "இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி 'ஹோல்டான், ஹோல்டான்'னு கத்தினேன். இப்ப உடம்பு அதைக் கேட்டுக்கிச்சு. ஆபரேஷன்னாங்க. பயமா இருந்துது. மாத்திரை ஆராய்ச்சின்னு சொன்னதும் ஓடி வந்து சேந்துட்டேன். முதல் நாள் அந்தப் புனலுக்கு முன்னாடி நிக்கிறேன். வெளிய அந்த சிஸ்டர் பொண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் 'முடிஞ்சுதாங்க ஐயா?'ன்னு கேக்குது. பாவம், அன்பாத்தான் கேக்குது. எனக்கு ஒரு பஸ் ஜனமும் பின்னாடி நின்னு பாக்கற மாதிரி ஆயிடுச்சு. ஒரு சொட்டு வரல. குடிச்ச பாட்டிலை அன்னைக்கு மட்டும் வாங்கிக்க மறந்துட்டாங்க. குழாய்ல பிடிச்சு ஊத்தினேன். டாக்டர் முதுகைத் தட்டி 'பிரமாதம்'னாரு."

"மத்தவங்க?"

"வெயிட்டிங் ரூம்ல எல்லாரும் இதே புலம்பல். பொண்ணு கேக்கறப்ப அடைச்சுக்குதுன்னு. பாட்டில் எங்க இருக்குன்னு சொல்லிக் குடுத்தேன். நல்லது செய்யறேன்னுதான் மருமகளே நெனச்சேன்."

"நேத்து சிஸ்டர் அழுதப்ப சொல்லியிருக்கலாமே?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? மாமாவுக்கு மூத்திரம் வரல, அதனால பச்சைத் தண்ணியை ஊத்தினேன்னா?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீயே கண்டுபிடிச்சிருவ, நான் வாயால சொல்ல வேண்டியிருக்காதுன்னு பாத்தேன். அதான் செடிக்கு ஊத்தினேன்."

ஊசிக்கு அப்போதுதான் அந்தத் தொட்டிச் செடி ஞாபகம் வந்தது. நல்ல பச்சையாக இருந்தது. பிளாஸ்டிக்.

விசாரணை அறையில் நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் டாக்டர், எதிரே தனி நாற்காலியில் சிஸ்டர். ஊசி கோடுகளையும் பாட்டிலையும் மேஜையில் வைத்து விளக்கி முடித்தபோது நாலு பத்து. "ஊத்தினது யாருன்னு இவரே சொல்லுவாரு" என்று விலகிக்கொண்டாள்.

மாமா முன்னால் வந்தார். சிஸ்டர் நிமிர்ந்தாள். "நீங்களா ஐயா?"

"நான்தாம்மா. மத்த பத்துப் பேரும் சும்மா ஏறினவங்க. விசில் அடிச்சது நான். இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

சிஸ்டர் மேஜையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். "எட்டு நாளா நான் தூங்கல ஐயா. எங்க வீட்ல என் புருஷன்கூட ஒருதரம் கேட்டாரு, நெஜமா நீ செய்யலதானேன்னு."

மாமா மணிக்கட்டில் இருந்த ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டார்.

நாலரைக்குக் குழு எழுந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை டாக்டர் நாலாக மடித்துக் கிழித்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "ஆராய்ச்சியில உங்களுக்கு இனிமே இடம் கிடையாது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு ஒரு உண்மையான கோடு வேணும். இப்பவே."

சிஸ்டர் எழுந்தாள். சாவி மறுபடி அவள் கையில் இருந்தது. மாமாவை அறைக்குள் விட்டு, கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்து வராந்தாவின் கடைசிக்கு, பிளாஸ்டிக் செடி வரைக்கும் வந்துவிட்டாள். ஊசியும் டாக்டரும் பின்னாலேயே வந்தார்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊசிக்குக் கால் பரபரத்தது. எட்டு நிமிடம். பதினொரு நிமிடம். சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் அது.

கதவு திறந்தது. மாமா காகிதத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். தரையோடு தரையாக, அங்கங்கே அறுந்து, இழுத்துக்கொண்டே போன மெல்லிய கோடு. ஒரு பல்லும் இல்லை.

"இவ்வளவு மோசமான கோட்டை நான் பாத்ததே இல்ல," என்றார் டாக்டர்.

சிஸ்டர் அதை வாங்கி, ஓரத்தில் தேதி போட்டு, 17 என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். நிதானமாக, முழுப் பெயரையும்.

"எப்ப ஆபரேஷன்?" என்று மாமா கேட்டார்.

"நாளைக்குக் காலையில," என்றார் டாக்டர்.

"பயமா இருக்கா மாமா?" என்றாள் ஊசி.

"இருக்கு." அவர் வராந்தாவை ஒருதரம் பார்த்தார். பிறகு, பஸ்ஸின் பின்படியில் நின்று சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"ரைட்."